மருதப்பன் வாங்கிய கற்பூரம்

எங்கள் அச்சகத்தில் பிழை திருத்திய மருதப்பனுக்குச் சந்தேகப்படுவதுதான் உத்தியோகம். வேலை முடிந்து வீட்டுக்குப் போன பிறகும் அந்த உத்தியோகத்தை அவர் விடவில்லை என்பதுதான் தொல்லை. டீ வந்தால் முதலில் மோந்து பார்ப்பார், நேற்றைய டீயைச் சுடவைத்துக் கொடுக்கிறானோ என்று. பஸ்ஸில் கொடுக்கும் டிக்கெட்டை முன்னும் பின்னும் படிப்பார். அறுபத்தைந்து ஆகஸ்டில் சிங்கப்பூர் தனியாக வந்தபோது, கடிதத் தலைப்பில் 'மலேசியா' என்ற சொல்லை எடுத்துவிடச் சொல்லிக் கடைக்காரர்கள் எல்லாம் எங்களிடம் ஓடிவந்தார்கள். எடுத்த ஈய எழுத்துகளைக் கலைத்துப் போட மருதப்பன் விடவில்லை. நூல் சுற்றி இரண்டு வாரம் மேசை மேல் வைத்திருந்தார். "திரும்பச் சேர்ந்தாலும் சேருவாங்க, யார் கண்டா" என்றார்.

நான் அங்கே அச்சுக் கோப்பவன், பெயர் செல்லக்கண்ணு. டன்லப் தெருவில் அச்சகம். இருநூறுக்கு மேற்பட்ட குழிகள் கொண்ட பெட்டிக்கு முன் நின்று, ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வரியாகக் கோக்கவேண்டும். வாடிக்கையாளர் எழுதிக் கொடுக்கும் தாளை நாங்கள் காப்பி என்போம். காப்பியில் என்ன இருக்கிறதோ அதைக் கோக்கவேண்டும், யோசிக்கக் கூடாது. யோசிப்பது மருதப்பன் வேலை. நான் கோத்ததை முதலில் ஒரு தாளில் எடுத்து, படி பார்க்க அவரிடம் நீட்டுவேன். சிவப்புப் பென்சிலோடு என்னை ஒரு பார்வை பார்ப்பார். வேண்டுமென்றே பிழை விட்டிருப்பேன் என்று பதினான்கு வருடமும் அவருக்கு ஒரு நினைப்பு.

இந்த மனிதருக்கும் பூவம்மாவுக்கும் கல்யாணமாகி அச்சகத்துக்கு இரண்டு கடை தள்ளி மாடியில் ஓர் அறை பிடித்தார்கள். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் ரபியா குடும்பம். ரபியாவின் புருஷன் கீழே இஞ்சி டீ விற்கும் சரபத் கடை வைத்திருந்தார். நான்கு பிள்ளைகள், நான்கும் கொழுகொழுவென்று. பூவம்மாவுக்கு இந்த ஊரில் யாரும் இல்லை. ரபியாதான் அக்கா, ரபியாதான் எல்லாம். பலகையைத் தட்டினால் போதும், அந்தப் பக்கத்திலிருந்து குழம்போ ஊசி நூலோ வந்துவிடும். இதுவும் மருதப்பனுக்குப் பிடிக்காது. சும்மா யாராவது இவ்வளவு செய்வார்களா என்பார்.

ஐம்பத்தெட்டில் பூவம்மா முதல் தடவை உண்டாகியிருந்தாள். பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி உடுத்தக் கூடாது, நன்றாக வளர்ந்த பிள்ளையின் பழைய துணியைத்தான் உடுத்தவேண்டும் என்பது நம் வழக்கம். துணியும் மெத்தென்று இருக்கும், அந்தப் பிள்ளையின் ஆயுசும் ஒட்டும் என்று நம்பிக்கை. பூவம்மா ரபியாவிடம் கேட்டாள். ரபியா பழைய சாரோங் கைலியில் தைத்த சட்டைகளும் சுற்றுத் துணிகளுமாக ஒரு மூட்டை கொண்டுவந்து கொடுத்தாள். நான்கு பிள்ளைகளும் போட்டு வளர்ந்தவை, துவைத்துத் துவைத்து வெண்ணெய் மாதிரி ஆகிவிட்டவை.

மருதப்பன் மூட்டையை மோந்து பார்த்தார். எந்த நோய் ஒட்டியிருக்கிறதோ, எவர் கண் பட்டதோ என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டால் பூவம்மா அழுவாள். அதனால் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். கற்பூரம் போட்டு ஒரு மாதம் தகரப் பெட்டியில் மூடி வைத்தால் எந்தத் தீட்டும் போய்விடும். கற்பூரம் சாமிக்கு ஏற்றுவது, அதற்கு மேல் சுத்தம் எது?

வாங்கும் இடத்திலும் சந்தேகம். நம் ஆட்கள் கடையில் கற்பூரத்தில் மெழுகு கலக்கிறார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். ஆகவே கெர்பாவ் ரோட்டுப் பக்கம் ஒரு சீனர் கடைக்குப் போய், தெரிந்த மலாயில் "கப்பூர்" என்று கேட்டார். மலாய்க்காரர்களுக்கும் அந்த ஒரு சொல்தான், சாமிக் கற்பூரத்துக்கும் அதுதான், பூச்சி வராமல் அலமாரியில் போடும் உருண்டைக்கும் அதுதான். சாமிக் கற்பூரம் கேட்டு ஒரு தமிழன் தன் கடைக்கு வருவான் என்று சீனர் நினைத்திருக்கவே மாட்டார். வெள்ளை உருண்டைகளைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். மருதப்பன் அச்சகத்துக்கு வந்து அதை என் மூக்கருகே நீட்டினார். வாடை மண்டையில் ஏறியது.

"பாத்தியா, கலப்படம் இல்லாதது. நம்ம கடையில இந்த வாசம் வருமா?" என்றார். இது வேற மாதிரி வாடையா இருக்கே அண்ணே என்று நான் சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. அவருக்கு எதிரே நமக்கு எதற்கு வம்பு என்று இருந்துவிட்டேன்.

ஆண் பிள்ளை பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, பெட்டியிலிருந்து துணியை எடுத்து அப்படியே சுற்றினார்கள். இரண்டு நாளில் பிள்ளையின் கண் மஞ்சளாயிற்று. பிறகு உள்ளங்கால் வரைக்கும். பால் குடிப்பதை நிறுத்தியது, முதுகை வில்லாக வளைத்துக் கீச்சென்று அழுதது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஒன்பதாம் நாள் போய்விட்டது. பெயர்கூட வைக்கவில்லை. பூவம்மா பலகைச் சுவரில் தலையை முட்டிக்கொண்டதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

மருதப்பன் வேலைக்கு வராத அந்த வாரத்தில்தான் நானும் ஒரு காரியம் செய்தேன். ஒரு கல்யாணப் பத்திரிகை. 'முருகன் அருளால்' என்பதில் அ இருக்கவேண்டிய குழியில் ஓர் இ கிடந்திருக்கிறது. முந்நூறு வீட்டுக்கு 'முருகன் இருளால்' கல்யாணம் என்று போய்விட்டது. பெண்ணைப் பெற்றவர் வந்து முதலாளியை வாங்கு வாங்கென்று வாங்கினார். ஓர் எழுத்துத்தான், மற்ற அத்தனையும் சரியாகவே இருந்தது. படி பார்க்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

திரும்பி வந்த மருதப்பன் பழி போட ஆளைக் கண்டுபிடித்துவிட்டிருந்தார். ரபியா. அவர் கத்தவில்லை, சண்டை போடவில்லை. டீக்கடையில், பூக்கடையில், நாவிதர் கடையில், கேட்டவர்களிடமெல்லாம் ஒரே வாக்கியம் சொன்னார். "அந்தம்மா குடுத்த துணிய உடுத்துன பொறகுதான் புள்ளைக்கு மஞ்சள் கண்டுச்சு." அந்த வாக்கியத்தில் பிழையே இல்லை. அதுதான் கொடுமை. கேட்டவர்கள் மீதியை அவரவர் மனசுக்கேற்ப எழுதிக்கொண்டார்கள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். ஓர் ஆள் அரண்டால் தெருவே அரளும் என்பதை நான் அப்போது பார்த்தேன்.

ரபியா ஒருநாள் பலகையைத் தட்டினாள். பூவம்மா எழுந்து போனாள். மருதப்பன் அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தார். அதன் பிறகு தட்டல் இல்லை. அந்தத் தெருவில் யார் வீட்டில் பிள்ளை பிறந்தாலும் முதலில் போய் நிற்கிற ரபியா, பிறகு எந்தக் கைக்குழந்தையையும் தொடுவதில்லை. தொட அவளை யாரும் கூப்பிடவும் இல்லை. சுவரே ஒட்டாமல் போகட்டும் என்று அறுபதில் மருதப்பன் குவீன்ஸ்டவுனில் ஒரு வீடு எடுத்துப் போய்விட்டார். பூவம்மா மூட்டை கட்டிக்கொண்டு பின்னால் போனாள். அவள் ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லாதவளை அவர் நம்பினாரா என்றால், அதுவும் இல்லை. நீ அந்த வீட்டில் என்ன சாப்பிட்டாய், என்ன குடித்தாய், உன் பாலில் என்ன கோளாறு என்று வருடக்கணக்கில் குடைந்தார்.

ஏழு வருடம் கழித்து, அறுபத்தைந்து நவம்பரில் இரண்டாவது பிள்ளை. அதுவும் ஆண். மூன்றாம் நாள் காலை மருதப்பன் அச்சகத்துக்கு வந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தார். பிள்ளையை மூன்று வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்ப மாட்டார்களாம். தொப்புள்கொடி ரத்தத்தைச் சோதித்ததில் ஏதோ இல்லையாம். பால் குடிக்கிற பிள்ளையை எதற்கு வைத்துக்கொள்கிறார்கள்? ஊசி போட்டுப் பார்க்கவா, மாற்றிவிடவா? டாக்ஸி பிடித்து இன்றே தூக்கிக்கொண்டு வந்துவிடப் போகிறேன், சாட்சிக்கு நீ வா என்றார். இந்த மனிதரின் சந்தேகம் இன்னொரு பிள்ளையையும் கொண்டுபோய்விடுமோ என்று பயந்துதான் கூடப் போனேன்.

வார்டில் பூவம்மா பிள்ளையை மடியில் இறுக்கி வைத்திருந்தாள். நர்ஸ் சொன்னது எதுவும் மருதப்பன் காதில் ஏறவில்லை. கடைசியில் அவள் சலித்துப்போய், ரத்தம் சோதிக்கும் அறையில் தமிழ் பேசுகிறவர் இருக்கிறார், அவரிடமே கேளுங்கள் என்று அனுப்பினாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பூவம்மாவும் மெதுவாகப் பின்னால் வந்தாள்.

அவர் பெயர் இராஜரத்தினம். யாழ்ப்பாணத்துக்காரர், கண்ணாடி, வெள்ளைக் கோட்டில் நீலக் கறை. மருதப்பன் வணக்கம்கூடச் சொல்லவில்லை. சோதனையைத் திரும்பச் செய்யவேண்டும், தன் கண் முன்னால் செய்யவேண்டும், குழாயில் தன் கையெழுத்து இருக்கவேண்டும் என்றார். வேறு யாராயிருந்தாலும் வெளியே போ என்றிருப்பார்கள். இராஜரத்தினம் சிரித்தார்.

"செய்வம். ஆனா உங்கட ரத்தமும் தாங்கோ, அம்மாட ரத்தமும் வேணும். அப்பதான் ஒப்பிட்டுப் பாக்கலாம்" என்றார்.

மூன்று குழாய். மூன்றிலும் நீலச் சாயம் கலந்த ரத்தம். மருதப்பன் மூன்றிலும் காகிதம் ஒட்டிச் சிவப்புப் பென்சிலால் கையெழுத்துப் போட்டார். நல்ல ரத்தம் அந்த நீலத்தைத் தின்றுவிடும், அதற்கு ஒரு மணி, ஒன்றரை மணி நேரமாகும் என்றார் இராஜரத்தினம். வெந்நீரில் குழாய்களை நிறுத்திவிட்டு, நடையில் இருந்த பெஞ்சில் எங்களோடு வந்து உட்கார்ந்தார். நாங்கள் அச்சகக்காரர்கள் என்று தெரிந்ததும் அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. இதைச் சொல்லி விளங்கவைக்க இத்தனை நாளாக ஆள் கிடைக்கவில்லை என்றார்.

அவர் சொன்னதை எனக்கு விளங்கிய அளவில் சொல்கிறேன். உடம்பு கண்ணுக்குத் தெரியாத சிறு சிறு அறைகளால் ஆனது, அதற்குப் பெயர் செல். ஒவ்வொரு செல்லின் நடுவிலும் மூலக் காப்பி ஒன்று பூட்டி வைத்திருக்கிறது, நூல் மாதிரி நீளமாக. அதை டி.என்.ஏ. என்கிறார்கள். அதில் இருப்பது நான்கே எழுத்து. நான்குதானா என்று நான் வாய்விட்டுக் கேட்டுவிட்டேன். நான்கு குழி உள்ள பெட்டி கிடைத்தால் நான் உட்கார்ந்தே கோப்பேன். அந்த மூலம் வெளியே வருவதில்லை. தேவையான பக்கத்தை மட்டும் நகலெடுத்து வெளியே அனுப்பும். வெளியே கோக்கிற இடங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அவை நகலை மும்மூன்று எழுத்தாகப் படிக்கும். ஒவ்வொரு மூன்றுக்கும் ஒரு சரக்கு உண்டு. அந்தச் சரக்கு இருபது வகை, அமினோ அமிலம் என்று பெயர். சரக்கைச் சுமந்துவர ஆட்கள் இருக்கிறார்கள். வரிசைப்படி கோத்து முடித்தால் ஒரு சரம். அந்தச் சரம் தானாகவே சுருண்டு மடிந்து ஒரு வடிவத்துக்கு வரும். அதுதான் புரோட்டீன். உடம்பில் நடக்கும் வேலையில் முக்கால்வாசி இந்தப் புரோட்டீன்கள் செய்வதுதான். எந்த மூன்றுக்கு எந்தச் சரக்கு என்று இந்த நான்கைந்து வருடமாகத்தான் வெளிநாட்டில் கண்டுபிடிக்கிறார்கள், அகராதி இன்னும் முடியவில்லை என்றார்.

"காப்பியில பிழை இருந்தா?" மருதப்பன் கேட்டார். அன்று அவர் கேட்ட முதல் நல்ல கேள்வி அது.

"பிழையோடதான் கோக்கும். கோக்கிறவனுக்கு அர்த்தம் தெரியாது."

மருதப்பன் என்னைப் பார்த்தார். எனக்கு அந்த இ ஞாபகம் வந்தது, தலையைக் குனிந்துகொண்டேன்.

"படி பாக்க ஆள் இல்லையா உள்ள?"

"இருக்கோ இல்லையோ, இன்னும் ஆருக்கும் சரியாத் தெரியாது. இருந்தாலும் மூலத்திலேயே பிழை எண்டா அவன் என்ன செய்வான்? மூலத்தோடதானே ஒப்பிட்டுப் பாப்பான்."

ஓர் எழுத்து மாறினால் சரத்தில் ஒரு சரக்கு மாறும். சில சமயம் ஒன்றும் ஆகாது, சில சமயம் வடிவம் கெட்டு வேலை செய்யாது. ரத்தத்தின் சிவப்பு நிறத்தைத் தருகிற புரோட்டீனில் இதை நிரூபித்துவிட்டார்களாம். இந்தப் பிள்ளைக்குக் குறைவாக இருப்பது வேறொரு புரோட்டீன், சிவப்பணுவைக் காவல் காப்பது. இதிலும் அப்படி ஓர் எழுத்துப் பிழைதான் இருக்கும் என்று நினைக்கிறார்கள். அதில் இன்னொரு சங்கடம் இருக்கிறது. சிவப்பணு முற்றும்போது மூலக் காப்பியையே வெளியே தள்ளிவிடுமாம். பிறகு புதிதாகக் கோக்க வழியில்லை. அதற்குள் செய்து வைத்த காவலாளிகளோடுதான் நான்கு மாதம் ஓட்டவேண்டும். காவலாளி நோஞ்சானாக இருந்தால் சீக்கிரம் விழுந்துவிடுவான்.

பேச்சு இங்கே வந்தபோது உள்ளே போய்க் குழாய்களைக் கொண்டுவந்தார். மருதப்பனுடைய ரத்தத்தில் நீலம் போய்ச் சிவப்பாகியிருந்தது. பூவம்மாவுடையதில் பாதி போயிருந்தது. பிள்ளையுடையது போட்டபடியே நீலம். மருதப்பன் கையெழுத்துகளைச் சரிபார்த்தார். எல்லாம் அவர் போட்டதுதான். பிறகு பூவம்மாவைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப இவகிட்டேருந்து வந்தது" என்றார். ஏழு வருடமாகத் தேடிய பிழையைக் கண்டுபிடித்துவிட்ட மாதிரி இருந்தது அவர் குரல். எனக்கு அவரை அறையலாம் போலிருந்தது.

இராஜரத்தினத்துக்கும் முகம் சுருங்கியது. அம்மாவிடம் அந்தப் பக்கத்துக்கு இரண்டு காப்பி உண்டு, ஒன்றில் பிழை, ஒன்று நல்லது, அதனால் அவர் சுகமாக இருக்கிறார் என்றார். ஆண் பிள்ளைக்கு அம்மாவிடமிருந்து வரும் ஒரே காப்பிதான். எது வரும் என்பது பூவா தலையா போடுவது மாதிரி. அது அவர் குற்றமில்லை, அவருக்கும் யாரோ கொடுத்ததுதான். அதைவிட முக்கியம், இந்தப் பிழையோடு எத்தனையோ பேர் கிழவராகும் வரை நன்றாக இருக்கிறார்கள். சில சாமான் கிட்டே வராமல் பார்த்துக்கொண்டால் போதும். வந்தால் சிவப்பணுக்கள் கூட்டமாக உடையும், மஞ்சள் ஏறும், பச்சைக் குழந்தைக்கு மூளை வரை போகும். அதற்காகத்தான் மூன்று வாரம் இங்கே வைத்துப் பார்ப்பது.

"என்ன சாமான்?" என்றார் மருதப்பன்.

இராஜரத்தினம் சில மருந்துகளின் பெயரைச் சொன்னார். பிறகு கோட்டுப் பையிலிருந்து ஒரு சிறு புட்டியை எடுத்து மூடியைத் திறந்தார். தாய்மாருக்குக் காட்டுவதற்காக வைத்திருந்தது.

"முக்கியமா இது. உடுப்புப் பெட்டியில போடுறது. எண்ணெய் தேய்ச்ச உடம்பில அந்த உடுப்பைச் சுத்தினா இன்னும் கெதியா உள்ள இறங்கும்."

மருதப்பன் வாங்கி மோந்து பார்த்தார். உருண்டையை நான் பார்க்கவே தேவையில்லை, வாடை எனக்கும் வந்துவிட்டது.

"இது கற்பூரம்தான?"

"இல்லை ஐயா. சனங்கள் அப்பிடிச் சொல்லுறதுதான். இது வேற, நாப்தலீன்."

மருதப்பன் மெல்ல, அந்தத் துணியில் என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை. பூவம்மா முடித்தாள். ஏழு வருடத்தில் அவள் அவரை நேராகப் பார்த்துப் பேசியது அன்றுதான்.

"துணி ரபியாக்கா குடுத்தது. உருண்டை போட்டது யாருங்க?"

அவர் அப்போதும் கடைசியாக ஒரு கயிற்றைப் பிடித்துப் பார்த்தார். முதல் பிள்ளை இதனால்தான் போனது என்று எழுதித் தருவீர்களா என்று இராஜரத்தினத்திடம் கேட்டார். முடியாது, அந்தப் பிள்ளையின் ரத்தத்தை யாரும் சோதிக்கவில்லையே, அப்படி இருந்திருக்கும் என்றுதான் சொல்லமுடியும் என்றார் அவர்.

"அப்ப நிச்சயமில்ல."

"ரபியாக்காதான்னு உங்களுக்கு யாரு எழுதித் தந்தா?" என்றாள் பூவம்மா.

மருதப்பன் பெஞ்சில் உட்கார்ந்து அழுதார். அவர் மகன் செத்தபோதுகூட அப்படி அழுது நான் பார்க்கவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகும் பேச்சை அவர் பிறகு எடுக்கவில்லை. மூன்று வாரமும் அது அங்கேயே இருந்தது. ஒருநாள் லேசாக மஞ்சள் தட்டி, தானே இறங்கியது.

ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த மறுநாள் மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் அவர் என்னிடம் வந்து நின்றார். பிழை எந்த எழுத்தில் வந்ததோ அந்த எழுத்திலேயே திருத்தம் போடவேண்டும் என்பார் எப்போதும். பெரிய எழுத்தில் பிழை விட்டுவிட்டுப் பொடி எழுத்தில் வருந்துகிறோம் என்று போடுவது அயோக்கியத்தனம் என்பார். அதைத்தான் செய்தார். என்னையும் கூட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போனார், பூக்கடைக்குப் போனார், நாவிதர் கடைக்குப் போனார். மறந்தே போயிருந்தவர்களையும் நிறுத்தி வைத்துச் சொன்னார்.

"அந்தம்மா துணியில ஒண்ணுமில்ல. நான் போட்ட உருண்டையிலதான் இருந்துச்சு."

சிலர் தலையாட்டினார்கள். நாவிதர், எந்த அம்மா என்று கேட்டார். அதையும் முழுதாகச் சொன்னார். பிறகு ரபியா வீட்டு மாடிப்படி ஏறினார், நான் பின்னால் போனேன். ரபியா கதவைத் திறந்தாள். தலைமுடி நரைத்திருந்தது. மருதப்பன் அதே வாக்கியத்தைச் சொன்னார். அவள் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை.

"ஏழு வருஷம் என் கையப் பாத்து நானே பயந்துகிட்டு இருந்தேன் அண்ணே" என்றாள். அவர் தலை நிமிராமலே கேட்டார்.

"புள்ள பொறந்திருக்கு. இதுக்கும் அந்த உருண்டை ஆகாதாம். பழைய துணி வேணும். பூவு கேக்கச் சொல்லல, நான்தான் கேக்கறேன்."

அவள் உள்ளே போய்விட்டாள். வெகுநேரம் வரவில்லை. மருதப்பன் போய்விடலாம் என்று திரும்பினார், நான் தோளைப் பிடித்து நிறுத்தினேன். வந்தபோது அவள் கையில் பின்பக்கக் கம்பத்தில் காய்ந்துகொண்டிருந்த, மூத்த மகள் வயிற்றுப் பேத்தியின் சட்டைகள் இருந்தன. மருதப்பன் இரண்டு கையையும் நீட்டி வாங்கி, பார்க்காமலேயே அக்குளில் இடுக்கிக்கொண்டார். வாழ்நாளில் அவர் மோந்து பார்க்காமல் வாங்கிய முதல் சாமான் அதுவாகத்தான் இருக்கும்.

ரபியா அதை அவர் அக்குளிலிருந்து உருவித் திரும்ப அவர் கையில் வைத்தாள்.

"மோந்து பாருங்க. இந்தப் புள்ளைக்கு நீங்க மோந்துதான் பாக்கணும்."

அவர் துணியை முகத்தில் வைத்தார். வெயில் வாடை எனக்கே வந்தது. அவர் அதை முகத்திலிருந்து எடுக்கவே இல்லை.